தோப்புக்கு அரிவாள், பையில் கத்தி: சட்டம் எதை ஆயுதம் என்கிறது?

போன பங்குனியில் அரிவாள் வாங்கத் திருப்பாச்சேத்திக்குப் போயிருந்தேன். தென்னந்தோப்பில் மட்டை கழிக்க, வேலியோரம் மண்டிய கருவேலத்தை வெட்ட என்று வீட்டுக்கு நல்லதாக ஒன்று தேவைப்பட்டது. பட்டறையில் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை ஒன்று உலையில் பழுத்துக் கிடந்தது. இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டி போட, பெரியவர் இடுக்கியால் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். மூக்கு வளைவு வந்ததும் வாய்ப்பக்கத்தைத் தண்ணீரில் தோய்த்து எடுத்து, நிறத்தைப் பார்த்து, மறுபடியும் தோய்த்தார். பிடி போட்டு, பூண் அடித்து, என் கையில் கொடுக்கும் முன்னால் கரி படிந்த ஒரு நோட்டைத் தள்ளினார்.

“பேரு, ஊரு, போன் நம்பர் எழுதுங்கண்ணே. எதுக்குன்னும் எழுதிருங்க.”

‘தோப்பு வேலைக்கு’ என்று எழுதினேன். எனக்கு மேலே இருந்த வரிகளில் கறிக்கடை, கரும்பு வெட்ட, கருப்பருக்கு நேர்த்திக்கடன் என்றெல்லாம் இருந்தது.

இந்த நோட்டுப் பழக்கத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடிப் பெரிய சோதனை நடத்தியது. சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரிவாள், கத்திகள் சிக்கின. அதையொட்டித்தான், வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பர், எதற்காக வாங்குகிறார் என்ற விவரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று பட்டறைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் போலீஸ் அறிவுறுத்தியது. அந்த நோட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசிக் கேள்விதான். ‘எதுக்கு’ என்ற அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால் நம் நாட்டின் கத்திச் சட்டத்தில் பாதி புரிந்துவிடும்.

ஆனால் பெரும்பாலானோர் பிடித்துக்கொண்டிருப்பது அளவை. “ஆறு இஞ்சுக்கு மேல இருந்தா கேஸ்” என்பார் ஒருவர். “ஒரு சாண் வரைக்கும் வச்சுக்கலாம்” என்பார் இன்னொருவர். இரண்டுமே சட்டப் புத்தகத்தில் இல்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் இதற்கு அடிப்படை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதற்கு முன்னால் இருந்தது வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியருக்கு லைசென்ஸ், ஐரோப்பியருக்கு விலக்கு என்ற பாகுபாட்டோடு நடந்த சட்டம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு அதை எடுத்துவிட்டுத்தான் இப்போதைய சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிச் சட்டம் என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். கூர்முனை கொண்ட ஆயுதங்களும் இதற்குள் அடக்கம்.

‘ஆயுதம்’ என்பதற்கு இந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு தரும் விளக்கம் கவனமாக எழுதப்பட்டது. தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைத்த பொருளும், அப்படி மாற்றி அமைத்த பொருளும் ஆயுதம். வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே என்று வடிவமைத்தவை ஆயுதம் ஆகாது. சாதாரணக் கைத்தடியையும் லத்தியையும் அதற்கு உதாரணமாகச் சட்டமே சொல்கிறது. பொம்மை ஆயுதங்களும் சேராது.

ஆகவே அடுப்படியில் இருக்கும் அரிவாள்மனை ஆயுதம் இல்லை. கதிர் அறுக்கும் பன்னரிவாள் ஆயுதம் இல்லை. மீன் வெட்டும் கத்தி, பனையேறியின் பாளை அரிவாள், கசாப்புக் கடைக் கத்தி எல்லாம் அந்தந்த வேலைக்கென்று உருவானவை. பட்டாக்கத்தி, குத்துவாள், பிச்சுவா, ஈட்டி போன்றவற்றை இந்த வரிசையில் வைக்க முடியாது. அவற்றை வைத்துச் செய்ய வேறு வேலை இல்லை.

அளவு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஆயுத விதிகளிலிருந்து. 1962-இல் எழுதிய விதிகளுக்குப் பதிலாக 2016-இல் புதிய விதிகள் வந்தன. இரண்டிலும் முதல் அட்டவணையின் ஐந்தாம் வகை, துப்பாக்கி அல்லாத ஆயுதங்களைப் பட்டியலிடுகிறது. வாள், வாள் மறைத்த கைத்தடி, குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி, கிர்பான் (சீக்கியர்கள் அணியும் குறுவாள்), குக்ரி (கூர்க்காக்களின் வளைந்த கத்தி), கத்தி என்று போகும் அந்த வரியில்தான் 9 இஞ்சுக்கு மேல் நீளமோ 2 இஞ்சுக்கு மேல் அகலமோ உள்ள அலகு (பிடி நீங்கலாக, வெட்டும் தகடு) என்ற அளவு வருகிறது. சென்டிமீட்டரில் சொன்னால் நீளம் சுமார் 22.9, அகலம் சுமார் 5.1. உடனே அடுத்த சொற்களையும் படிக்க வேண்டும். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய பயன்பாடுகளுக்கு வடிவமைத்தவை நீங்கலாக என்று அதே வரி சொல்கிறது.

வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து என் அரிவாளை டேப் வைத்து அளந்தேன். அலகு 16 இஞ்ச். அகலமான இடத்தில் இரண்டரை. அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு கோட்டையும் தாண்டிவிட்டது. ஆனாலும் அது தோப்புக் கருவி என்பதால் அந்த வகைக்குள் வராது. எதிர்ப்பக்கமும் உண்டு. ஏழு இஞ்ச் அலகுதான் என்றாலும் இருபுறமும் கூராக, குத்துவதற்கென்றே செய்த கத்தியை அளவு சின்னது என்ற காரணம் காப்பாற்றிவிடும் என்று நம்பக்கூடாது. ஆயுதம் என்ற விளக்கத்தில் அளவே கிடையாது.

சரி, ஐந்தாம் வகைக்குள் வரும் வாளோ கத்தியோ ஒருவரிடம் இருந்தால் லைசென்ஸ் வேண்டுமா? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். துப்பாக்கிக்கு நாடு முழுக்க எங்கும் லைசென்ஸ் வேண்டும். மற்ற ஆயுதங்களுக்கு அப்படி இல்லை. ஒரு பகுதியின் நிலவரத்தைப் பார்த்து, அங்கே கத்தி போன்ற ஆயுதங்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று கருதினால் மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கலாம் என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. அறிவிப்பு வந்த பிறகு, அந்தப் பகுதியில், அறிவித்த வகை ஆயுதத்தை லைசென்ஸ் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது. மீறினால் 25-ஆம் பிரிவின்படி குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. அபராதமும் உண்டு. ஆக, ஒரே கத்தி ஓர் ஊரில் குற்றமாகவும் பக்கத்து மாநிலத்தில் குற்றமில்லாமலும் இருக்கலாம்.

இதற்கு டெல்லி நல்ல உதாரணம். 1980 அக்டோபரில் அங்கே ஓர் அறிவிப்பு வந்தது. பட்டனை அழுத்தினால் திறக்கும் கத்தி, ஸ்பிரிங் கத்தி, வேறு ஏதாவது பொறியால் திறந்து மூடும் கத்தி ஆகியவற்றில் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அதற்கு மேலும் இருந்தால் கட்டுப்பாடு என்று அது சொன்னது. 7.62 என்றால் மூன்றே இஞ்ச். ஆள்காட்டி விரல் நீளம்தான். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்டன் கத்தி வைத்திருந்ததாக ஒருவர் மேல் போட்ட வழக்கு 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தயாரிக்க, விற்க, விற்பதற்காக வைத்திருக்க என்பது போன்ற நோக்கங்களையே அந்த அறிவிப்பு குறிக்கிறது. அப்படி எந்த நோக்கமும் குற்றப்பத்திரிகையில் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதற்காக டெல்லியில் பட்டன் கத்தியோடு தெருவில் நடக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த மனிதர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆன்லைனில் மடக்குக் கத்தி வாங்கும் இளைஞர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ட்ரெக்கிங், கேம்பிங் என்று போட்டு அழகழகாக விற்கிறார்கள். கடையில் கிடைப்பதால் நம் ஊரில் வைத்திருக்கலாம் என்று ஆகிவிடாது. கையால் இழுத்துத் திறக்கும் சின்ன மடக்குக் கத்தி வேறு, பட்டனைத் தொட்டதும் பாயும் கத்தி வேறு. இரண்டாவது வகையை வாங்காமல் இருப்பதே என் அறிவுரை. ஆப்பிள் நறுக்க அவ்வளவு வேகம் தேவையில்லை.

அடுத்தது, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. பைக் சீட்டுக்கு அடியில், கார் டேஷ்போர்டில், இடுப்பில் கத்தி வைத்திருக்கும் பையன்களைக் கேட்டால் “சும்மா ஒரு சேஃப்டிக்கு” என்கிறார்கள். அதைச் சொன்னால் போலீஸ் விட்டுவிடும் என்று உண்மையிலேயே நம்புகிறார்கள். மேலே சொன்ன விளக்கத்தை இன்னொரு தடவை படியுங்கள். ‘தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ’ என்று இருக்கிறது. தற்காப்புக்கான ஆயுதமும் ஆயுதமே. தோப்பு வேலைக்கு என்று சொல்ல முடிந்த அரிவாளைக்கூட, “எவனாவது வந்தா பார்த்துக்கலாம்னு வச்சிருக்கேன்” என்ற ஒரே வாக்கியத்தால் வேறு கதையாக்கிவிடுகிறோம்.

தற்காப்பு உரிமை என்று ஒன்று இல்லையா என்றால், கட்டாயம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைத்தான் பேசுகின்றன. ஆனால் அது தாக்குதல் வந்த நேரத்தில், தேவையான அளவுக்கு, தடுத்துக்கொள்ளும் உரிமை. தாக்குதல் வரலாம் என்று ஆறு மாதமாக அரிவாளோடு சுற்றும் உரிமை அதில் இல்லை. மிரட்டல் உண்மையாகவே இருந்தால் ஸ்டேஷனில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதற்கான ரசீதை வாங்கி வையுங்கள். பிறகு நீதிமன்றத்தில் பேசுவது அந்தக் காகிதம். கத்தி எடுத்துப் போன எத்தனையோ பேர் அதே கத்தியால் வெட்டுப்பட்ட செய்தியை நாம் படிக்கத்தானே செய்கிறோம்.

அப்புறம், நாள் கணக்கில் வரும் உள்ளூர் உத்தரவுகள். முன்பு 144 என்று சொல்லிப் பழகியது இப்போது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. அமைதிக்குப் பங்கம் வரும் என்று கருதினால் மாவட்ட நிர்வாகம் இந்த உத்தரவைப் போடலாம். பொதுவாக இரண்டு மாதம் வரை நீடிக்கும். கூட்டம், ஊர்வலம் போன்றவற்றோடு ஆயுதம் எடுத்து வருவதையும் தடுக்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நினைவு நாள்களையொட்டி இப்படித் தடை உத்தரவு வருவது வழக்கம். சாதாரண நாளில் யாரும் கண்டுகொள்ளாத அரிவாள் அந்த நாட்களில் வண்டியில் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். பட்டறையில் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் தேதியைப் பார்த்துப் போவது நல்லது. ஊர்வலம், பொதுக்கூட்டம் என்றால் எந்த நாளிலும் வேண்டாம். அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு கூட்டம் கூடும் உரிமையைத் தரும்போதே ‘அமைதியாகவும் ஆயுதமின்றியும்’ என்று சேர்த்துத்தான் தருகிறது.

இதுவரை சொன்னது எல்லாம் வைத்திருப்பது, எடுத்துச் செல்வது பற்றி. பயன்படுத்திவிட்டால் விலக்கு எதுவும் செல்லாது. காயம் ஏற்படுத்தியது வெட்டும் கருவி என்றால் போதும், நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவு வந்துவிடும். அது வெங்காயம் நறுக்கும் கத்தியா பட்டாக்கத்தியா என்று பார்க்காது. கொடுங்காயம் என்றால் தண்டனை ஆயுள் வரை போகலாம். வெட்டவே வேண்டாம், கொன்றுவிடுவேன் என்று மிரட்டுவதற்கே 351-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை இடமிருக்கிறது. பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி வீடியோ போட்டதற்காகக் கைதான செய்திகளை மாதம் தவறாமல் படிக்கிறோம். பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள். அந்த வீடியோவை எடுத்த செல்போன்தான் முதல் சாட்சி. வழக்கு ஒருபுறம் இருக்க, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 129-ஆம் பிரிவின்படி நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்கச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியர் முன்னால் நிறுத்துவதும் நடக்கிறது. பழைய ஆட்கள் இதை 110 என்பார்கள். இதெல்லாம் ஒரு பத்து விநாடி வீடியோவுக்கு.

வேலைக்கான கருவியை எடுத்துப் போகும்போது எப்படிப் போவது? பட்டறைப் பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் நான் கண்ட சிறந்த முறை. வாய்ப்பக்கத்தில் பழைய டயர் ட்யூபைக் கிழித்து மாட்டினார். மேலே சாக்கைச் சுற்றி, கயிறு போட்டு மூன்று இடத்தில் இறுக்கினார். “கைக்கு எட்டாம பின்னாடி கேரியர்ல கட்டுங்கண்ணே. இந்தச் சீட்டை மேல் சட்டைப் பையில வச்சுக்கங்க” என்று ஒரு துண்டுச்சீட்டும் கொடுத்தார். மானாமதுரை தாண்டியதும் சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். “என்னண்ணே மூட்டைல?” அரிவாள் என்றேன். தோப்புக்கு என்றேன். சீட்டைக் காட்டினேன். ஏட்டையா கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவிழ்க்கச் சொல்லவில்லை. எடுக்க ஐந்து நிமிடம் ஆகும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறவன் அடிதடிக்குப் போகவில்லை என்பது பார்த்ததுமே தெரியும்.

கேட்டதும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மூட்டையில் தேங்காய் என்று சொல்லிவிட்டு அரிவாள் வெளியே வந்தால், பிறகு சொல்லும் எதுவும் எடுபடாது. பறிமுதல் செய்தால், என்ன எடுத்தார்கள் என்ற பட்டியல் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்யவும் சொல்கிறது. பட்டியலின் நகலைப் பணிவோடு கேட்டு வாங்குவது உங்கள் நன்மைக்கு. அதில் அலகின் நீளமும் அகலமும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வழக்கில் பின்னால் அந்த எண்கள் பேசும்.

விமானத்துக்குக் கணக்கே தனி. கைப்பையில் கத்தி கிடையாது, அவ்வளவுதான். செக்-இன் பெட்டியில் போட்டுவிடலாம். எங்கள் அப்பத்தா முதல் தடவை விமானம் ஏறியபோது சுருக்குப்பையில் இருந்த பாக்குவெட்டி ஸ்கேனரில் தெரிந்துவிட்டது. நாற்பது வருடமாக இடுப்பில் இருந்த பாக்குவெட்டி. அந்தப் பெண் அலுவலர் நல்ல மனுஷி. வெளியே நின்றிருந்த என் தம்பியிடம் கொடுக்க ஏற்பாடு செய்தார். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது, கூடையில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சீக்கியர்களின் கிர்பானுக்கு மட்டும் விலக்கு உண்டு. உள்நாட்டு விமானங்களில் அலகு 6 இஞ்ச், மொத்த நீளம் 9 இஞ்சுக்குள் இருந்தால் அணிந்து போகலாம். கிர்பான் அணிவது அவர்கள் சமயத்தில் அடங்கியது என்று அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவே விளக்கம் எழுதியிருக்கிறது.

அப்படியானால் நம் கருப்பசாமி அரிவாள்? நோட்டில் நேர்த்திக்கடன் என்று எழுதியவரை நினைத்தால் இந்தக் கேள்வி வருகிறது. ஆறடி, எட்டடி உயரத்துக்கு அடிப்பார்கள். தூக்கவே நாலு பேர் வேண்டும். அதை வைத்து யாரும் சண்டைக்குப் போகப்போவதில்லை. ஆனால் விதியில் உள்ள விலக்குப் பட்டியலில் வழிபாடு என்ற சொல் இல்லை. திருவிழாவுக்குக் காவல் நிலையத்தில் அனுமதி கேட்கும்போதே, அரிவாள் இந்தத் தேதியில் இந்த வழியாக வருகிறது என்று ஒரு வரி சேர்த்துவிடச் சொல்லுங்கள். சாமிக்குச் செய்வதில் இந்தச் சின்ன வேலையும் சேரட்டும்.

வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. குறிப்பாக இங்கிலாந்துக்கு. அங்கே பொது இடத்தில் தக்க காரணம் இல்லாமல் கத்தி வைத்திருப்பதே குற்றம், நான்கு ஆண்டு வரை சிறை. காரணம் கேட்காமல் விடுவது 3 இஞ்சுக்கு மிகாத, திறந்தபின் பூட்டிக்கொள்ளாத சின்ன மடக்குக் கத்தியை மட்டுமே. தற்காப்பு என்று சொன்னால் அது அங்கேயும் காரணமாகாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் சமையல் கத்திகூட விற்கமாட்டார்கள். என் அக்கா மகன் லண்டனில் படிக்கப் போனபோது, அங்கே போய்க் கத்தி வாங்கினால் பெட்டியைப் பிரிக்காமல், பில்லை எறியாமல், வழியில் எங்கும் சுற்றாமல் நேராக ரூமுக்குக் கொண்டு போ என்று சொல்லி அனுப்பினேன். போய்ச் சேர்ந்த வாரமே போன் செய்தான். கத்தி வாங்கிவிட்டான், பில் பர்ஸில் இருக்கிறது, சாம்பாருக்கு முருங்கைக்காய்தான் கிடைக்கவில்லையாம்.